நாட்டுத் தக்காளி எந்த நாட்டுத் தக்காளி?

மைசூரில், மானசகங்கோத்திரியை அடுத்த விஜயநகரில், மாடியிலும் கொல்லையிலும் மரபுத் தக்காளி வளர்க்கும் ஆர்வலர்கள் இரண்டு கருத்துகளைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். நாட்டுத் தக்காளி தூயது என்பது ஒன்று. வீரிய ஒட்டு ரகம் பயிரிடும் உழவர் மரபைக் கைவிட்டவர் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை.

தக்காளி தென்னமெரிக்காவில் தோன்றி, மெக்சிகோவில் பண்பட்டு, ஐரோப்பியர் வழியாக இந்தியா வந்த பயிர். வங்காளியர் அதைச் சீமைக் கத்தரிக்காய் எனப் பொருள்படும் ‘பிலாதி பேகுன்’ என்று அழைத்தனர். தமிழரோ மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி ஆகியவற்றால் தாம் முன்பே அறிந்திருந்த சொல்லை வந்த பயிருக்கு வழங்கினர். சொல் பழையது, பயிர் புதியது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா விகாஸ்கூட ‘டிப் டாப்’ என்னும் அமெரிக்க ரகத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதே. ஆயினும் அதன் விதையை எடுத்து விதைத்தால் அதே கனி கிடைக்கும். ஒட்டு ரகத்தின் விதையில் அடுத்த தலைமுறையிலேயே பண்புகள் சிதறும். ஒரு ரகத்தை மரபாக்குவது அது பிறந்த மண் அன்று, கைமாறி வரும் விதை.

வட்டமாக நறுக்கிப் பச்சையாக உண்பதற்குப் பெயர்பெற்ற ‘செரோக்கி பர்ப்பிள்’ இதற்குச் சான்று. 1990இல் டென்னசியைச் சேர்ந்த ஒருவர் அதன் விதையைக் கிரெய்க் லெஹூலியருக்கு அஞ்சலில் அனுப்பினார். அவர் விதைத்தார், பெயரிட்டார், பிறருக்குப் பகிர்ந்தார். அது பிழைத்த வரலாறு அவ்வளவே.

உழவரின் நிலை வேறு. மெல்லிய தோலுடைய பழம் லாரிப் பயணத்தில் நசுங்கும். இலைச்சுருள் நச்சுயிரி ஒரு பருவத்தின் முதலையே அழிக்கும். அந்நோயோடு வாடல், இலைக்கருகல் ஆகியவற்றையும் தாங்கும் அர்கா ரக்ஷக் போன்ற ஒட்டு ரகத்தை அவர் தேர்வது பிழைப்புக்காக. அவரைப் பழிப்பவரின் பழமோ செடியிலிருந்து சமையலறைக்குப் பத்தடி மட்டுமே பயணம் செய்கிறது. வெடித்தாலும் இழப்பில்லை. எனவே மரபு ரகத்தைக் காக்கும் கடமை முதலில் வீட்டுத் தோட்டக்காரருக்கே உரியது.

அக்கடமை கடினமானதன்று. தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. நோயற்ற செடியின் நன்கு பழுத்த கனியிலிருந்து விதையைச் சாற்றோடு எடுத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தி, பெயரும் ஆண்டும் எழுதி வைத்தால் போதும். பாதியை அண்டை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். பருவந்தோறும் புதிய விதைப்பொட்டலம் வாங்குபவர் மரபின் நுகர்வோர், காவலர் அல்லர்.