சிவப்பு, பச்சை, கூடவே ஒரு சொல்

விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேரன் கோவில்பதாகைக்கு வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. சி மொழியில் எழுதிய ப்ரோகிராம் ஒன்றை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினான். கறுப்புத் திரையில் இருபது பெயர்கள் வரிசையாக வந்தன.

"பாஸ் ஆனவங்க பச்சை, ஃபெயில் ஆனவங்க சிவப்பு. எத்தனை பேர் ஃபெயில், சொல்லுங்க தாத்தா?"

எனக்கு எல்லாப் பெயரும் ஒரே மங்கல் பழுப்பாகத்தான் தெரிந்தன. பிறவியிலேயே எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை உண்டு. அவனிடம் சொல்லச் சந்தர்ப்பம் வந்ததில்லை.

இளவயதில் ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு ஆசைப்பட்டேன். மருத்துவப் பரிசோதனையில் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தை விரித்தார்கள். எண் தெரியவில்லை, வேலையும் இல்லை. அது நியாயம்தான். ஆனால் ஆவடி சாலைகளில் பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டினேன். சிக்னலில் மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை. நிறம் ஏமாற்றினாலும் இடம் காப்பாற்றியது.

தொண்ணூறுகளில் மாலை வகுப்பில் டர்போ சி படித்தேன். டெக்ஸ்ட்கலர் என்று நிறம் கொடுத்துவிட்டு பிரிண்ட்எஃப் போட்டால் நிறம் மாறாது, சிபிரிண்ட்எஃப் போட வேண்டும். நிற எண்ணோடு 128 கூட்டினால் எழுத்து கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டல் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது!

பேரன் லினக்ஸில் ஜிசிசி வைத்து எழுதுகிறான். அங்கே டெக்ஸ்ட்கலர் கிடையாது. எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்பு, பிறகு எண்: 31 சிவப்பு, 32 பச்சை. முடிவில் 0 போட மறந்தால் அடுத்து வருவதும் அதே நிறத்தில் வரும். வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் இந்தக் குறிகளும் குப்பையாகச் சேர்ந்துவிடும். அதனால் திரைக்குத்தான் போகிறதா என்று இஸ்-ஏ-டிடிஒய் மூலம் பார்த்துவிட்டு நிறம் கொடுப்பது நல்ல வழக்கம். நிறமே வேண்டாம் என்பவர்களுக்காக 2017 முதல் 'நோ கலர்' என்ற ஏற்பாடும் இருக்கிறது.

இதெல்லாம் அவனுக்கு வகுப்பிலோ வலையிலோ கிடைத்துவிடும். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். நிறம் அழகுக்கும் அவசரத்துக்கும் இருக்கட்டும்; செய்தியை அது மட்டுமே சுமக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு சொல் வேண்டும்.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக, மகள் மூலம் பேரனுக்குப் போகக்கூடியது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனுக்கு வரவில்லை. இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கீபோர்டை இழுத்து இரண்டு வரி திருத்தினான். பெயர்களுக்குப் பக்கத்தில் 'பாஸ்', 'ஃபெயில்' என்று வந்தது.

"ஏழு பேர்" என்றேன்.

"கரெக்ட் தாத்தா" என்றான்.