சாவி யார் மடியில்?

போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணே, அமெரிக்காவுல பள்ளிக்கூடத்த யாரு நடத்தணும்னு சனங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்க. குக்கிராமத்துலகூட. அப்படி ஒரு தேர்தல் நம்ம ஊர்ல வந்துட்டா பாதிப் பிரச்சன தீந்துரும்." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்குப் பேச முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். மற்ற தோழர்களும் படியுங்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

முதலில் அந்தத் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. தென்மாநிலக் கிராமப்புறத்தில் பெரும்பாலும் ஒரு கவுண்டிக்கு ஒரு பள்ளி மாவட்டம். கவுண்டி என்பதை நம்ம ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரோ ஏழு பேரோ கொண்ட ஒரு குழு. பெரும்பாலான இடங்களில் கட்சிச் சின்னம் கிடையாது. பள்ளிகளின் மேலதிகாரியை நியமிப்பது, வரவு செலவு போடுவது, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகணும், எந்தப் பள்ளியை மூடணும், பஸ் எந்த ரோட்டில் வரணும் என்பதெல்லாம் இந்தக் குழுவின் கையில். தொழில் எதுவும் இல்லாத கிராமப்புறத்தில் பள்ளிதான் பல பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இடம். வாத்தியார், டிரைவர், சமையல்காரர் என்று எல்லா வேலையும் அங்கிருந்துதான் வருகிறது. ஆக, இது சின்னக் குழு இல்லை. ஊரின் மடிச்சாவி.

இதுல என்ன தப்பு இருக்கு? காகிதத்துல ஒண்ணும் இல்ல. நம்ம அரசியல் சட்டத்துலயும்தான் காகிதத்துல தீண்டாமை கெடையாது.

ஜார்ஜியா மாநிலத்தில் டாலியஃபெரோ என்று எழுதி டாலிவர் என்று கூப்பிடுகிற ஒரு சின்னக் கவுண்டி உண்டு. 1960களில் அங்கே சுமார் 60 விழுக்காடு கறுப்பர்கள். பள்ளிக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் வெள்ளையர். எப்படி? அங்கே அப்போது தேர்தலே கிடையாது. நீதிபதி சில ஆணையர்களை நியமிப்பார். ஆணையர்கள் ஊரில் 'அறிவும் நேர்மையும்' உள்ளவர்களைப் பொறுக்கிப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலிலிருந்து பெருநடுவர் குழு. பெருநடுவர் குழு பள்ளிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதிலும் ஒரு நிபந்தனை: பள்ளிக் குழுவில் உட்காருகிறவனுக்குச் சொந்த நிலம் இருக்கணும்.

நிலம், தோழர்களே! பள்ளிக்கூட நிர்வாகத்துக்கும் நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு யாரும் கேட்கலாம். பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற நாம் கேட்க மாட்டோம். நமக்குத் தெரியும்.

ஒரு கறுப்பினத் தகப்பனும் பள்ளியில் படித்த அவருடைய மகளும் வழக்குப் போட்டார்கள். பட்டியலைத் திருத்து என்றது நீதிமன்றம். திருத்தினார்கள். 'அறிவில்லை, நேர்மையில்லை' என்று 178 பேரை நீக்கினார்கள். அதில் 171 பேர் கறுப்பர்கள். 1970இல் உச்சநீதிமன்றம் நில நிபந்தனையை அடித்துத் தள்ளியது. கறுப்பர்களை இப்படி ஒதுக்கியதையும் ஏற்கவில்லை. ஆனால் பெருநடுவர் குழு தேர்ந்தெடுக்கிற முறையை ஒழிக்கவில்லை. ஜார்ஜியா முழுக்கப் பள்ளிக் குழுவுக்குத் தேர்தல் என்ற விதி வந்தது 1992இல்தான்.

இதில் என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. வழக்கு நடந்த காலத்தில் அந்தக் கவுண்டிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் எல்லோரும் கறுப்புப் பிள்ளைகள். வெள்ளைப் பிள்ளைகள் எல்லாம் வெளியிடங்களுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் முழுக்கக் கறுப்பு, குழு முழுக்க வெள்ளை. தன் பிள்ளை படிக்காத பள்ளிக்கூடத்தை ஏன் விடமாட்டேன் என்கிறான்? படிக்க வைக்கவா? படிக்காமல் வைக்க.

இனி வர்ஜீனியாவுக்கு வருவோம். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, ஃபார்ம்வில் என்ற சிற்றூர். 180 பிள்ளைகளுக்காகக் கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450க்கும் மேற்பட்ட கறுப்புப் பிள்ளைகளை அடைத்திருந்தார்கள். இடம் போதாமல் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு பாடம். பெற்றோர்கள் பள்ளிக் குழுவிடம் மனுமேல் மனு கொடுத்தார்கள். குழு 'பார்க்கலாம்' என்றது. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் தலைமையாசிரியரைப் பொய் போன் போட்டு வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிப் பேசி, வகுப்பைப் புறக்கணிக்க வைத்தாள். அந்த வழக்கு, 1954இல் இனப் பிரிவினைப் பள்ளி செல்லாது என்று தீர்ப்பான ஐந்து வழக்குகளில் ஒன்று.

தீர்ப்பு வந்துவிட்டது, வென்றுவிட்டோம் என்று கைதட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வர்ஜீனியாவில் பள்ளிக் குழுவுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. பணப்பெட்டி கவுண்டியின் மேற்பார்வையாளர் குழுவிடம். 1959இல் அந்தக் குழு பள்ளிக்கு வரியே போடமாட்டோம் என்று முடிவெடுத்தது. கவுண்டியின் அத்தனை பொதுப் பள்ளிகளும் பூட்டப்பட்டன. வெள்ளையர்கள் தங்களுக்கென்று தனியார் பள்ளி தொடங்கினார்கள். அந்தக் கட்டணத்துக்கு அரசுப் பணத்தில் உதவித்தொகை வேறு. 1959 முதல் 1964 வரை ஐந்து ஆண்டு. 1,700க்கு மேற்பட்ட கறுப்புப் பிள்ளைகள் நடுத்தெருவில். சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். பலர் காட்டு வேலைக்குப் போனார்கள். கடைசி ஆண்டு மட்டும் நன்கொடையில் ஓர் இலவசப் பள்ளி நடந்தது. 1964இல்தான் உச்சநீதிமன்றம், வரி போடச் சொல்லி உத்தரவிடலாம் என்றது. அதற்குள் ஒரு தலைமுறை பள்ளி வயதைத் தாண்டிவிட்டது.

நம்மோடு சேர்ந்து படிக்கணுமா? அப்ப யாருக்கும் பள்ளிக்கூடம் வேணாம். இதைக் கேட்டால் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் ஞாபகம் வரவில்லையா? தனித்தொகுதி என்று அறிவித்ததும், சேரிக்காரன் தலைவனா வர்றதுன்னா ஊராட்சியே வேணாம் என்று 1996 முதல் 2006 வரை நாற்காலியைக் காலியாகப் போட்டுவைத்தவர்கள் இங்கேயும் உண்டு. ஆதிக்கக்காரனுக்கு மொழி வேற, நிறம் வேற. புத்தி ஒண்ணுதான்.

அதே வர்ஜீனியாவில் இன்னொரு கதை. ஆர்லிங்டன் கவுண்டிக்கு மட்டும் 1947இல் பள்ளிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்திருந்தார்கள். 1956இல் அந்தக் குழு, படிப்படியாகக் கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கிறோம் என்று திட்டம் போட்டது. அவ்வளவுதான். மாநிலச் சட்டமன்றம் அந்தத் தேர்தல் உரிமையையே பிடுங்கிக்கொண்டது. 1992 வரை திருப்பித் தரவில்லை. தேர்தல் அவனுக்குச் சாதகமா இருக்கிற வரைக்கும் சனநாயகம். பாதகமா ஆச்சுன்னா நியமனம்.

"அதெல்லாம் பழைய கதை, இப்ப தேர்தல் வந்துருச்சே" என்பீர்கள். சரி, ஓட்டுப்பெட்டிக்குள்ளேயே கை விட்டுப் பார்ப்போம்.

ஒரு கவுண்டியில் நூறு ஓட்டு. அறுபது வெள்ளை, நாற்பது கறுப்பு. குழுவுக்கு ஐந்து இடம். கவுண்டி முழுக்க ஒரே தொகுதி, ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டு என்று வைத்தால் அறுபது பேரும் தங்கள் ஆள் ஐந்து பேருக்குக் குத்துவார்கள். முடிவு ஐந்துக்குப் பூஜ்யம். நாற்பது பேரும் கால்கடுக்க நின்று போட்ட ஓட்டுக்கு மதிப்பு ஒன்றுமில்லை. அதே கவுண்டியை ஐந்து வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒருவர் என்று வைத்தால், கறுப்பர்கள் சேர்ந்து வாழும் இரண்டு வட்டத்தில் அவர்கள் ஆள் வருவார். ஆள் அதே, ஓட்டு அதே. கோடு மட்டும் வேற.

கறுப்பர்கள் சும்மா இருக்கவில்லை. ஐந்து ஓட்டில் நான்கைப் போடாமல் விட்டுவிட்டு, எல்லோரும் ஒரே ஆளுக்கு ஒற்றை ஓட்டுப் போட்டு அவரை மேலே கொண்டுவரப் பார்த்தார்கள். அலபாமா 1951இல் சட்டம் போட்டது: எல்லா இடத்துக்கும் ஓட்டுப் போடாத சீட்டு செல்லாது. அதாவது உன் எதிரிக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டால்தான் உன் ஓட்டு செல்லும். 1961இல் இடங்களுக்கு நம்பர் போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனிப் போட்டியாக்கினார்கள். அப்போதும் பெரும்பான்மைதான் ஒவ்வொன்றிலும் ஜெயிக்கும்.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இன ஒதுக்கல் வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் முறையில் எதை மாற்றினாலும் ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. பள்ளிக் குழுத் தேர்தலுக்கும் அது பொருந்தியது. 1980களில் வழக்குமேல் வழக்காகப் போட்டு அலபாமாவின் பல கவுண்டிகளில் வட்டவாரித் தேர்தலைக் கொண்டுவந்தார்கள். கறுப்பர்கள் கொஞ்சமாக இருந்த சில்டன் கவுண்டியில் இன்னொரு முறை: ஏழு இடம், ஒருவருக்கு ஏழு ஓட்டு, விரும்பினால் ஏழையும் ஒரே ஆளுக்குப் போடலாம். 1988இல் அங்கே கறுப்பர் ஒருவர் முதல்முறையாகக் கவுண்டிக் குழுவுக்குள் நுழைந்தார். 2013இல் உச்சநீதிமன்றம் எந்தெந்தப் பகுதிக்கு முன் அனுமதி வேண்டும் என்ற பிரிவையே செல்லாது என்றது. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

தம்பி, இதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? 1932இல் பூனாவில் நடந்தது என்ன? நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை அண்ணல் கேட்டுப் பெற்றார். காந்தி உண்ணாவிரதம் இருந்தார். கிடைத்தது தனி இடம், கூட்டு வாக்காளர். இடங்கள் 148 ஆகக் கூடின. ஆனால் அந்த இடத்தில் யார் உட்காருவது என்று முடிவு செய்கிற ஓட்டு ஊர்க்காரன் கையில் போனது. அமெரிக்க வட்டமும் அண்ணல் கேட்டதும் ஒன்றல்ல. அங்கே வட்டத்துக்குள் இருக்கும் எல்லா இனத்தவரும் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் கேள்வி ஒன்றுதான்: எங்கள் பிரதிநிதி எங்களுக்குப் பதில் சொல்லணுமா, எங்களை மிதிக்கிறவனுக்குப் பதில் சொல்லணுமா? 1946இல் அண்ணல், டுபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞருக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுக்கும் மனுவின் படியை அனுப்பிவைக்கக் கேட்டார். நம் பிரச்சினைக்கு அவர்கள் வழக்கைப் படித்தவர் நம் தலைவர். நாம் அவர்கள் தேர்தலை வேடிக்கை பார்த்துவிட்டுக் கைதட்டினால் போதுமா?

இப்போது எங்க ஊருக்கு வருகிறேன்.

எங்க ஊர் அரசுப் பள்ளியில் 58 பிள்ளைகள். ஐம்பத்தெட்டும் காலனிப் பிள்ளைகள். ஊர்த்தெருப் பிள்ளைகள் காலையில் மஞ்சள் வேன் ஏறி டவுனுக்குப் போய்விடும். ஆனால் நான் படித்த காலத்திலிருந்து பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஊர்த்தெருப் பெரியதனக்காரர்தான். அவர் பிள்ளையும் இங்கே படிக்கவில்லை, பேரனும் படிக்கவில்லை. டாலிவர் கவுண்டியைப் படித்தபோது எனக்கு ஏன் உடம்பு நடுங்கியது என்று இப்போது புரியும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. முக்கால்வாசி பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். 2022இல் எங்க பள்ளியில் குழு அமைக்கக் கூட்டம் போட்டார்கள். போனால், பேர் எழுதி வந்த பேப்பர் தயாராக இருக்கிறது. "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா." என் மகன் அங்கே மூன்றாம் வகுப்பு. "தேர்தல் எப்ப சார் நடந்துச்சு?" என்றேன். "பிரச்சன பண்ணாதீங்க" என்றார்கள். தலைவி நம்ம காலனி அக்காதான். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த அக்கா களையெடுக்கப் போவது பெரியதனக்காரர் காட்டுக்கு. தீர்மான நோட்டு இருப்பது அவர் வீட்டு மர பீரோவில். அந்த அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை. தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ், கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பள்ளிக் குழுவிடம் நியாயம் கேட்டுக் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸுக்கு வேலை போயிற்று. அவர் மனைவிக்கும் போயிற்று. கையெழுத்துக்குக் கூலி என்னவென்று களையெடுக்கிற கைக்குத் தெரியும்.

2024இல் மறுபடி குழு அமைத்தார்கள். இந்தமுறை முதல்நாள் ராத்திரி காலனியில் பதினோரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினோம். கூட்டத்தில் கைதூக்கி ஓட்டெடுக்கச் சொன்னோம். எடுத்தார்கள். பெரியதனக்காரர் காட்டுக்குப் போகாத ஒரு பெண், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர், தலைவியானார். நோட்டு பள்ளிக்கூட மேசைக்கு வந்தது. கழிவறைக்குத் தண்ணீர் வந்தது. பெரிய புரட்சி ஒன்றுமில்லை. அடுத்த வாரமே நம் ஆட்கள் மூன்று பேருக்கு அவர் காட்டில் வேலை இல்லை. அந்த மூன்று வீட்டுக்கு யார் சோறு போடுவது என்று காலனி கூடிப் பேசியதுதான் உண்மையான தேர்தல்.

எனவே தம்பி, "குழுவெல்லாம் சும்மா, புரட்சிதான் தீர்வு" என்று டீக்கடையில் பேசுகிறவனையும் நம்பாதே. "தேர்தல் வந்தாப் போதும்" என்று நீ சொன்னதையும் நம்பாதே. எந்த நாற்காலியானாலும் நான்கு கேள்வி கேள். ஓட்டுப் பட்டியல் போடுறவன் யாரு? கோடு போடுறவன் யாரு? பணப்பெட்டி யாருகிட்ட? ஜெயிச்சவ நாளைக்குக் கூலிக்கு யாரு வாசல்ல நிக்கணும்? இந்த நாலுக்கும் விடை தெரியாமல் ஓட்டுப் போடாதே. தெரிந்த பிறகு வீட்டில் உட்காராதே.

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற அடிமை முறைப் படைத்தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் எடுத்தார்கள். 2025 டிசம்பரில் அந்த இடத்துக்குப் பார்பரா ஜான்ஸின் சிலை வந்தது. சந்தோஷம்தான். ஆனால் நமக்குச் சிலையின் கதை தெரியும். அண்ணலைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்திவிட்டு மாலை போடுகிற நாடு இது. அந்தப் பெண் சிலைக்காக வகுப்பை விட்டு வெளியே வரவில்லை. ஒழுகாத கூரைக்காக வந்தாள்.

உன் ஊர்ப் பள்ளியின் தீர்மான நோட்டு இன்றைக்கு யார் வீட்டில் இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வா. அடுத்த படிப்பு வட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.