நான் எழுதிக் கொடுத்த டீம்

ஐ.பி.எல். ஆட்டம் உள்ள நாட்களில் ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு முதல் பந்து. இடையில் இருக்கும் அந்த அரை மணி நேரம் எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு காலத்தில் பரீட்சை ஹால் மாதிரி இருக்கும். வலை பின்னுகிற கை நின்றுவிடும். மேட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு குனிந்தபடி இருப்பார்கள். "கேப்டன் யாரு வெக்கிறே?", "அவன் இன்னிக்கு ஆடலடா", "ரெண்டு ஸ்பின்னர் போதும்" என்று சத்தம். ஏழரை அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள்.

இதற்கு ஃபேன்டஸி கிரிக்கெட் என்று பெயர். வாசகர்களில் பலருக்குப் பேரன் மூலம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று ஆடும் இரண்டு அணிகளிலிருந்தும் கலந்து பதினோரு பேரை நீங்கள் பொறுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை உண்டு. உங்கள் கையில் 100 கிரெடிட். நட்சத்திரங்களையே அள்ளினால் கையில் இருப்பது தீர்ந்துவிடும். ஆகவே பெயர் தெரியாத இரண்டு மூன்று பேரையும் சேர்த்தாக வேண்டும். அவர்கள் நிஜ ஆட்டத்தில் என்ன செய்கிறார்களோ அதற்குப் புள்ளி. ஓர் ஓட்டத்துக்கு 1, கேட்ச்சுக்கு 8, விக்கெட்டுக்கு 25 என்று அப்போது கணக்கு இருந்தது. கேப்டனாக நீங்கள் குறிப்பவருக்கு இரட்டைப் புள்ளி, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. நுழைவுக் கட்டணம் 49 ரூபாய் மாதிரி இருக்கும். லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்த போட்டியில் முதலிடம் பிடித்தால் கோடி என்று விளம்பரத்தில் கிரிக்கெட் வீரர்களே வந்து சொல்வார்கள்.

எனக்கு இது பிடித்திருந்தது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதினால் அது பொய்யாகிவிடும். முப்பத்தைந்து வருடம் துறைமுகப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பேரேடு எழுதியவன் நான். 100 கிரெடிட்டுக்குள் பதினோரு பேரை அடக்குவது எனக்கு பட்ஜெட் ஒதுக்கீடு போலத்தான். சேப்பாக்கத்தில் பந்து மெதுவாக வரும், சுழலும், அதனால் ஜடேஜா மாதிரி இரண்டு வேலை செய்கிறவரை விடக்கூடாது. இரண்டாவது ஆட்டத்தில் பனி இறங்கினால் சுழற்பந்து வீச்சாளர் கையில் பந்து நழுவும். ஏழாம் இடத்தில் ஆடுகிறவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் அவனுக்குப் பந்து மிஞ்சாது. கடைசி ஓவர்களை வீசுகிறவன் அடி வாங்கினாலும் விக்கெட் எடுப்பான். இதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தேன்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன் அந்த டைரியைப் பார்த்துவிட்டான். அப்பாவோடு ஃபைபர் படகில் போகிறவன், பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, ஆனால் கூர்மையானவன். "தாத்தா, நீ டீம் எழுதிக் குடு, நான் துட்டு கட்டுறேன்" என்றான். நான் பணம் போட மாட்டேன், பேர் மட்டும் சொல்வேன் என்று ஒப்பந்தம். பெரிய நேர்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

2023 இறுதி ஆட்டம் நினைவிருக்கும். மழையால் தள்ளிப்போய் மே 29 திங்கட்கிழமை தொடங்கி, மறுநாள் விடியற்காலம் முடிந்தது. குஜராத் அணியில் நம் சென்னைப் பையன் சாய் சுதர்சனைக் கேப்டனாக வை என்றேன். குப்பத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தோனி ஆடுகிற இறுதி ஆட்டத்தில் தோனி இல்லாமல் வேறு ஒருவனா? சுதர்சன் 96 அடித்தார். தோனி முதல் பந்திலேயே அவுட். கில்லை மின்னல் வேகத்தில் ஸ்டம்பிங் செய்த புள்ளியால் கொஞ்சம் மானம் தப்பியது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஆறும் நான்கும் அடித்து சி.எஸ்.கே. கோப்பை வாங்க, மேட்டில் அத்தனை பேரும் குதிக்க, எங்கள் பையன் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். 49 ரூபாய்க்கு ஆயிரத்துச் சொச்சம் வந்திருந்தது. மறுநாள் எனக்கு வஞ்சிரம் வந்தது. என் மனைவி "எதுக்கு?" என்றாள். "ஆலோசனைக் கட்டணம்" என்றேன்.

என் கெட்ட காலம் அந்த வஞ்சிரத்தில் தொடங்கியது.

அந்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலையாற்றில் இறங்கியதை வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகெல்லாம் கருப்பு, வலையெல்லாம் கருப்பு. எண்ணூர் மீன் என்றால் வாங்க ஆளில்லை. வீடு வீடாக நிவாரணப் பணம் வந்தது. எதிர்வீட்டில் அதோடு கொஞ்சம் கடனும் சேர்த்து, எஞ்சின் சரிபார்க்க என்று பையனின் கணக்கில் வைத்திருந்தார்கள். போனில் பணம் அனுப்பத் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தானே.

2024 சீசன் முடிந்தபோது அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. 49 ரூபாய்ப் போட்டி என்றைக்கோ 500 ரூபாய்ப் போட்டியாகியிருந்தது. ஒரு டீம் இருந்த இடத்தில் ஆறு, எட்டு டீம். நான் சொன்ன பேர் ஒன்றில், அவனாகச் சேர்த்தது மற்றதில். எந்த ஆப் என்று எழுத மாட்டேன். அப்போது ஒன்றா இரண்டா, கடையெங்கும் இருந்தன. அவன் அம்மா என் வாசலில் வந்து நின்று சத்தம் போடவில்லை. "படிச்சவரு நீங்க. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிரெஞ்சுப் பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு அது தனியாகத் தெரியும். இந்த ஆட்டம் அமெரிக்காவில் பேஸ்பாலை வைத்துப் பிறந்தது. 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயர் 'லா ரோத்திஸ்ரி ஃப்ரான்சேஸ்'. அதனால் ஆட்டத்துக்கே ரோட்டிசெரி பேஸ்பால் என்று பேர் வந்தது. அவர்கள் சீசன் தொடங்கும் முன் ஏலம் எடுத்து அணி சேர்ப்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டம். அது முடிந்த பிறகே யார் வென்றார் என்று தெரியும்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை உருப்படியாக அடிப்பவனே பெரிய ஆட்டக்காரன். அப்படிப்பட்டவன் இன்று மாலை அடிப்பானா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. 162 ஆட்டத்தில் அவன் திறமையும், அவனைப் பொறுக்கியவன் திறமையும் மேலே வந்துவிடும். பிறகு சில நிறுவனங்கள் அதை ஒரே நாள் ஆட்டமாகச் சுருக்கின. காலையில் அணி, இரவில் முடிவு, நாளைக்கு மறுபடி பணம். ஆறு மாதச் சாகுபடியைத் தினக்கூலியாக மாற்றியது மாதிரி.

ஒரு நாள் ஆட்டத்தில் திறமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, அதுதான் தொல்லை. 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியை ஆராய்ந்து அமெரிக்காவில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தினசரி ஃபேன்டஸியில் ஆட்டக்காரர்கள் பார்த்த லாபத்தில் 91 விழுக்காடு போய்ச் சேர்ந்தது 1.3 விழுக்காடு பேருக்கு! அவர்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்து நூற்றுக்கணக்கில் அணி போடுகிறவர்கள். நம் பையன் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அவர்களைப் போன்றவர்கள் எதிரே போய் உட்காருகிறான். என் டைரியும் அரைகுறைதான்.

இன்னொன்று. பிரான்சில் குதிரைப் பந்தயத்துக்கு 'பரி முத்துயேல்' என்று ஒரு முறை உண்டு. எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழும். நடத்துகிறவர் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்வார், மிச்சத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். 1954 முதல் 'தியர்சே' என்று முதல் மூன்று குதிரையைக் குறிக்கும் ஆட்டம் அங்கே பிரபலம். என்னோடு படித்து பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்ட ஒருவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசுவான். ஃபேன்டஸி போட்டியும் அதே உண்டியல்தான். நூறு பேர் ஆளுக்கு 49 ரூபாய் போட்டால் 4,900. அதில் பரிசாகத் திரும்புவது 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் ஜெயித்தாலும் நூறு பேரும் சேர்ந்து 900 ரூபாய் தோற்றாயிற்று. இது போதாதென்று 2023 அக்டோபரிலிருந்து கட்டிய பணத்தின் மீது 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருந்தது. ஜெயித்ததில் 30 விழுக்காடு வருமான வரிப் பிடித்தம். பேரேடு எழுதியவன் இந்தக் கூட்டலை முதல் நாளே போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. சுதர்சனைக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தேன்.

நீதிமன்றங்கள் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன. இது திறமையா, அதிர்ஷ்டமா? அதற்கு அடிப்படை நம் கிண்டிதான். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்து, அந்த வழக்கு நடந்து நடந்து, 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், ஜாக்கி, ஓடிய வரலாறு எல்லாம் தெரிந்தவன்தான் பணம் கட்டுகிறான் என்ற வாதம். அந்தத் தீர்ப்பையே பிடித்துக்கொண்டு 2017இல் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் டிரீம் லெவனும் திறமை ஆட்டம் என்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் கிண்டிக்குப் போய்வந்த வண்ணாரப்பேட்டைக் குடும்பங்களைப் பார்த்த நம் வயதுக்காரர்களுக்கு, குதிரையின் வம்சம் தெரிந்தவர் வீட்டில்தான் பாத்திரம் அடகுக்குப் போனது என்பதும் தெரியும். தெரியாதவன் பத்து ரூபாயோடு திரும்பிவிடுவான். தெரியும் என்று நினைக்கிறவன்தான் மறுவாரம் போவான். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எதிரே உட்கார்ந்திருப்பது யார், உண்டியலிலிருந்து முதலில் எடுப்பது யார் என்பதுதான்.

2003இல் லாட்டரியைத் தமிழகத்தில் நிறுத்தியபோது ஆயிரம் பேர் ஆட்சேபித்தார்கள். சீட்டு விற்ற மாற்றுத்திறனாளிகள் பிழைப்பு போனது உண்மை, அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் ராயபுரத்தில் சம்பள நாளில் சீட்டுக் கடை வாசலில் நின்ற கூட்டத்தை நினைத்தால் அந்தத் தடை தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே நியாயம்தான் இதற்கும். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. மூன்றே நாளில் இரு சபையும் தாண்டி ஜனாதிபதி ஒப்புதலும் ஆகிவிட்டது. இந்திய அணியின் சட்டையில் இருந்த டிரீம் லெவன் பெயரும் போயிற்று. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. அதைச் சரியாகவே யோசித்திருக்கிறார்கள். பெரியவர்கள் தங்கள் பணத்தை எப்படிச் செலவழித்தால் அரசுக்கு என்ன என்று என் மகன் போனில் வாதாடினான். அவன் மாதச் சம்பளக்காரன். எஞ்சின் பணத்தை வைத்து ஆடியவனைப் பார்க்காதவன்.

பிரெஞ்சில் 'அஸார்' என்றால் தற்செயல். அதே சொல் ஆங்கிலத்தில் போய் ஆபத்து என்று ஆகிவிட்டது. வகுப்பில் இதைக் கேட்டபோது வேடிக்கையாக இருந்தது.

தடை வந்து சில வாரம் கழித்து எதிர்வீட்டுப் பையன் திண்ணைக்கு வந்தான். வேறொரு ஆப் இருக்கிறதாம். கடையில் கிடைக்காது, லிங்க் வரும், பணத்தை யாரோ ஒருவர் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். "பழைய மாதிரி ஒரே ஒரு டீம் எழுதிக் குடு தாத்தா, எஞ்சின் துட்ட எடுத்துட்டு நிறுத்திடுறேன்" என்றான். முடியாது என்றேன். அன்று மாலையே அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் செய்தது அவன் கணக்கில் துரோகம். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. படகுக்குப் போகும்போது என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். எஞ்சின் இன்னும் தவணையில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை நான் என் பென்ஷனிலிருந்து கட்டுகிறேன். இது அவனுக்குத் தெரியாது, அவன் அம்மாவுக்குத் தெரியும்.

மேட்டில் மற்ற பையன்கள் இப்போதும் டீம் எழுதுகிறார்கள், துண்டுக் காகிதத்தில். தோற்றவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். டாஸ் முடிந்ததும் நான் டி.வி.யிலிருந்து யார் யார் ஆடுகிறார்கள், யார் ஆடவில்லை என்று திண்ணையில் நின்று உரக்கப் படிக்கிறேன். அவன் உட்கார்ந்திருக்கும் இடம்வரை கேட்கும்.