அயலூர் மேசையும் நம் பந்தியும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து அலுவல் நிமித்தம் சிங்கப்பூர் செல்லும் நம் சகோதரர் பலர், ஓய்வு நேரத்தில் வணிக வளாகங்களையே நாடுகின்றனர். அது பிழையன்று. ஆயினும், அவ்வூரின் உள்ளத்தை அறிய தேக்கா நிலையம் போன்ற உணவங்காடிகளே ஏற்றவை என்பேன். அங்கே சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ்ச் சமைக்கின்றனர். முன்பின் அறியாதோர் ஒரே மேசையில் உண்கின்றனர். இப்பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தியத்தீரா ஊராளாகிய இரத்தாம்பர வியாபாரி லீதியாள், பிலிப்பியில் பவுலுக்குத் தன் வீட்டைத் திறந்தாள். பீகாரிலும் ஒடிசாவிலுமிருந்து பிழைப்புக்காக நம்மூர் வந்தோர், நம் தெருவிலேயே தனித்து உண்கின்றனர். அயலூர் மேசையில் நாம் பெற்ற இடத்தை, நம் பந்தியில் அவர்களுக்கு அளிப்போமாக.