தவணை கேட்கும் பருவம்

பட்ட வகுப்பின் மூன்றாம் ஆண்டில் பயிலும் மாணவரைக் கண்டதும் உறவினர் எழுப்பும் முதல் வினா, "அடுத்து என்ன?" என்பதாகும். அன்பினால்தான் வினவுகின்றனர். ஆயினும் திருமண வீட்டிலும் கடைத்தெருவிலும் அதே வினா திரும்பத் திரும்ப எழுங்கால், விடை தெரியாமை ஒரு குற்றமெனவே இளைஞர் உள்ளத்தில் பதிந்துவிடுகின்றது. இருபது வயதில் விடை தெரியாதிருப்பதற்கு ஒருவருக்கு உரிமை உண்டு என்பது நம் கருத்து.

இவ்வுரிமையைத் தெளிவுற எடுத்துரைத்த உளவியலறிஞர் எரிக் எரிக்சன். 1902இல் செருமனியின் பிராங்பர்ட் நகரருகே பிறந்த அவர், தம்மைப் பெற்ற தந்தை இன்னாரென இறுதிவரை அறிந்தாரல்லர். தாய் டென்மார்க் நாட்டு யூதப் பெண்மணி. வளர்த்த தந்தை யூத மருத்துவர். பள்ளியில் யூதர் என்றும், யூதர் நடுவில் வடபுலத்து அயலான் என்றும் எள்ளப்பட்டவர். பள்ளிக் கல்வி முடிந்தபின் பல்கலைக்கழகம் புகாது, ஓவியம் தீட்டிக்கொண்டு ஐரோப்பாவில் சில ஆண்டுகள் அலைந்தார். நம் ஊராக இருந்திருப்பின் உருப்படாத பிள்ளை என்று பெயர் வைத்திருப்போம். பின்னர் வியன்னாவில் அன்னா பிராய்டிடம் பயின்று, அமெரிக்கா சென்று, பல்கலைக்கழகப் பட்டம் எதுவுமின்றியே ஹார்வர்டில் பேராசிரியரானார். எரிக்சன் என்னும் பெயர்கூட 1939இல் குடியுரிமை பெற்றபோது அவர் தாமே சூட்டிக்கொண்டதாகும்.

'நான் யார்' என்னும் வினாவிற்கு விடை தேடுதலே வளரிளம் பருவத்தின் தலையாய பணி என்றார் அவர். அத்தேடலுக்குச் சமுதாயம் இளைஞர்க்குச் சிறிது காலம் ஒதுக்கித் தரவேண்டும் என்றும் கூறினார். அக்காலத்தைச் சுட்ட அவர் எடுத்தாண்ட சொல், கடன்பட்டவர்க்கு வழங்கும் தவணையைக் குறிப்பது. வணிகக் குடும்பங்களில் பிறந்த நம்மவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

எரிக்சன் 1969இல் காந்தியடிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அடிகளின் இளமையும் இத்தகையதே. 1891இல் வழக்கறிஞராகத் திரும்பி வந்தவர், பம்பாயில் தம் முதல் வழக்கில் எழுந்து நின்று பேச நா எழாமல் அமர்ந்துவிட்டார். 1893இல் தம் இருபத்து மூன்றாம் வயதில் ஓராண்டு ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். அவ்வாய்ப்பை அளித்தது தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் நிறுவனம். ஓராண்டுத் தவணை இருபதாண்டுகளுக்கு மேல் நீண்டதை உலகம் அறியும்.

நம் முன்னோரிடத்தும் தவணை இருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சபர் சென்ற சிறுவன், மாமனின் கடையில் முதலில் கூட்டிப் பெருக்கினான். பின் எடை போட்டான். சில ஆண்டுகள் கழிந்தபின்பே கணக்குப் பேரேட்டைத் தொட்டான். அதற்குள் தன்னால் இயலுவது எது, இயலாதது எது என்பதை அவனும் அறிந்தான், அருகிலிருந்த பெரியவர்களும் அறிந்தனர். இதனைப் பொற்காலம் என நாம் கூறவரவில்லை. பாடநூலையும் தாயையும் பிரிந்து சென்ற அச்சிறுவர்களின் கண்ணீரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பழகித் தெளிய அவர்களுக்குக் காலம் கிடைத்தது.

இன்றோ, பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே, பதினைந்து, பதினாறு வயதில், வாழ்க்கை முடிவு செய்யப்பட்டுவிடுகின்றது. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததையடுத்துத் திறந்த வளைகுடாவின் கதவும் முன்போல் அகலத் திறந்திருக்கவில்லை. சவூதி அரேபியா 2011இல் தன் குடிமக்களுக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தந்தை சென்ற வழி மகனுக்கு உறுதியில்லை. மறுபுறம், தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22இல் நூற்றுக்கு 47 ஆயிற்று. நாட்டின் சராசரி 28.4. பெருமைக்குரிய செய்திதான். எனினும் தம் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்தவர் இவர்களுள் மிகப் பலர். அவர்களுக்கு வழி சொல்ல வீட்டில் ஆளில்லை, "அடுத்து என்ன?" என்று கேட்கத்தான் ஆளிருக்கின்றது.

தேடாமலே பிறர் முடிவை ஏற்றுக்கொள்வதையும், தேடித் திரிந்து ஒரு முடிவுக்கு வருவதையும் ஜேம்ஸ் மார்சியா என்னும் உளவியலறிஞர் 1966இல் வேறுபடுத்திக் காட்டினார். முன்னவர் வெளித்தோற்றத்தில் அமைதியானவர். பெற்றோர்க்கு நல்ல பிள்ளை. ஏற்றுக்கொண்ட அந்த ஒரே வழி அடைபட்டால், மாற்று வழியை எண்ணிப் பார்த்துப் பழகாத அவர் தடுமாறுவது இயல்பு. தேர்வில் தோல்வி, விசா கிடைக்காமை என ஏதேனும் ஒன்று போதும்.

மனநலத்தைப் பற்றி இங்கே பேசியாகவேண்டும். வாழ்நாளில் தோன்றும் மனநோய்களுள் முக்கால் பங்கு இருபத்து நான்கு வயதிற்குள்ளாகவே தலைகாட்டுகின்றன என அமெரிக்காவில் 2005இல் வெளியான பேராய்வு தெரிவித்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு. பகலெல்லாம் உறங்குதல், நண்பரைத் தவிர்த்தல், உணவில் நாட்டமின்மை ஆகியவற்றைக் காணும்போது நாம் சோம்பல் என்கின்றோம்; கண்ணேறு என்கின்றோம்; அண்மைக்காலமாகக் கைப்பேசியின்மேல் பழி போட்டு அமைகின்றோம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடும் நாம், இதற்கு மட்டும் தெருவுக்குத் தெரியாமல் கதவைச் சாத்துகின்றோம். 14416 என்னும் எண்ணில் அரசின் தொலைபேசி மனநல உதவி 2022 முதல் கிடைக்கின்றது. அவ்வெண் எத்தனை வகுப்பறைச் சுவர்களில் எழுதப்பட்டுள்ளது? நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 சூலையில் பணித்தது. நாட்டு நலப்பணித் திட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் தமிழாசிரியர் தலையிலேயே அதனையும் ஏற்றி வைத்துக் கணக்கை நேர்செய்துவிடக் கூடாது என்பது நம் கவலை.

பசித்த வீட்டில் தேடலுக்கு எங்கே காலம் என்று பெரியோர் கேட்பர். நியாயமான கேள்வி. தங்கையின் திருமணமும் தந்தையின் கடனும் காத்திருக்கையில், தன்னைத் தேடிக்கொண்டு திரியுமாறு ஒருவனிடம் கூறுதல் கொடுமை. ஆயினும் தவணை என்பது வேலையின்றி இருத்தலன்று. கிடைத்த வேலையில் அமர்ந்தபடியே, இது தனக்கு இறுதியானதன்று என்று ஒருவன் எண்ணுவதற்கும், ஈராண்டில் அதனை விட்டு வேறொன்றில் சேர்ந்தால் வீட்டார் அதனைத் தோல்வி எனக் கருதாமலிருப்பதற்கும் செலவு எதுவுமில்லை.

பெண்மக்கள் நிலை வேறு. இரண்டாம் ஆண்டிலேயே நிச்சயம் முடிந்து, வகுப்பில் முதலிடம் பெற்றவர் மூன்றாமாண்டுத் தேர்வை மட்டும் எழுத வரும் காட்சியை ஆசிரியர்கள் நன்கறிவர். அவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்பாருமில்லை. ஆண்பிள்ளைக்கு ஈராண்டுத் தவணை கேட்கும் நாம், பெண்பிள்ளைக்குப் பட்டம் பெறும் நாள்வரையேனும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கல்லூரி விழாக்களுக்கு அழைக்கப்பெறும் பழைய மாணவர்கள் தாம் இன்று வகிக்கும் பதவியைப் பற்றியே பேசிச் செல்கின்றனர். இருபத்தொன்றுக்கும் இருபத்தேழுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை வேலை மாறினர், எந்த நேர்முகத் தேர்வில் தோற்றனர், எந்த மாதத்தில் ஊருக்கு வர நாணி விடுதியிலேயே தங்கினர் என்பதை அவர்கள் கூறினால் மாணவ மணிகள் செவி கொடுத்துக் கேட்பர். அடுத்த ஆண்டு மலருக்கு அத்தகைய கட்டுரை ஒன்றையேனும் பழைய மாணவர்களிடமிருந்து எதிர்பார்க்கின்றோம்.