53 என்பது மார்க் இல்லை

வீடு கட்டுகிற பலரிடமும் ஒரு பெருமை உண்டு: "அம்பத்து மூணு கிரேடு போட்டிருக்கோம், அசைக்க முடியாது." தஞ்சாவூரிலும் இதே பேச்சு, நாகப்பட்டினத்திலும் இதே பேச்சு. பி.காம். படிக்கிறவனுக்கு சிமெண்டில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வாழ்நாள் சேமிப்பை மொத்தமாக விழுங்கும் பொருள் கணக்குப் பாடத்தில் வராமல் வேறு எதில் வரும்?

முதலில் அந்த எண். 53 என்பது பரீட்சையில் வாங்கிய மார்க் இல்லை. அந்த சிமெண்டில் செய்த சோதனைக் கட்டி 28ஆம் நாள் குறைந்தது 53 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்க வேண்டும், அவ்வளவுதான். முப்பதாவது வருடம் என்ன ஆகும் என்று அது ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

டெல்டாவின் கடலோரத்தில் கட்டடத்துக்குப் பெரிய எதிரி உப்பு. நாகை, வேதாரண்யம் பக்கம் காற்றிலும் உப்பு, பல இடங்களில் நிலத்தடி நீரிலும் உப்பு. கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக அது மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பழைய இடத்தில் அடங்காது. உப்பி, மேலே இருக்கும் காரையைப் பெயர்த்துத் தள்ளும். தொகுப்பு வீடுகளில் கூரை உதிர்ந்து கம்பி பல்லிளிப்பதை இந்தப் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு.

சிமெண்டின் வகை முக்கியமாவது இங்கேதான். ஓபிசி எனும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சப்படும். பிபிசியில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. அது இந்த மிச்சச் சுண்ணாம்போடு மெதுவாகச் சேர்ந்து, மேலும் பசை உண்டாக்கி, நுண்துளைகளை இறுக்குகிறது. இரும்பு உருக்கும் ஆலையின் கசடு சேர்ந்த பிஎஸ்சியும் உப்பைத் தடுப்பதில் பேர் வாங்கியது. இரண்டிலும் ஆரம்பத்தில் பலம் மெதுவாக ஏறும், ஆனால் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலையும் நம்மவர்கள் செங்கல் பொடியையும் சுண்ணாம்பில் கலந்தது இதே சூட்சுமம்தான். "சாம்பல் போட்டது கலப்படம்" என்று முகம் சுளிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிறகு ஏன் ஓபிசி மோகம்? காசுக் கணக்குதான். சென்ட்ரிங் பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை. சீக்கிரம் பலம் ஏறினால் சீக்கிரம் பிரிக்கலாம். லாபம் வேலை எடுத்தவருக்கு இந்த மாதமே கிடைக்கும். செலவு வீட்டுக்காரருக்கு இருபது வருடம் கழித்து வரும்.

அதற்காக பிபிசி மந்திரக்கோலும் இல்லை. ஐஎஸ் 456 விதிப்படி ஓபிசி கான்கிரீட்டை குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள். வறண்ட வெயில் காலத்தில் இதுவே 10, 14 என்று ஏறும். சித்திரை வெயிலில் மூன்று நாள் தண்ணீர் காட்டிவிட்டு விட்டால் பிபிசிக்குத்தான் நஷ்டம் அதிகம். கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினாலும், கம்பிக்கு மேல் போதிய கனம் விடாவிட்டாலும் எந்த சிமெண்டும் காப்பாற்றாது.

இன்னொரு ஆதங்கம். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி, அதை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. சூட்டைக் கட்டுப்படுத்தி எரித்தால் அதுவும் சிமெண்டுக்கு நல்ல துணை. ஐஎஸ் 456 அதைப் பேர் சொல்லியே அனுமதிக்கிறது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள், இந்தப் பக்கம் நம் அரிசி ஆலைகள். நடுவில் ஒரு ஆறுதான்.

நாங்கள் மேஜை நாற்காலிக்குக்கூடத் தேய்மானம் போடுகிறோம். வீட்டுக்கு மட்டும் ஆயுள் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கடைசித் தவணை கட்டும் மாதம் கூரை உதிர ஆரம்பித்தால் அந்த வீடு சொத்தா, கடனா? கடலோர அரசு வீடுகளுக்காவது எந்த வகை சிமெண்ட், எத்தனை நாள் தண்ணீர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், தண்ணீர் ஊற்றும் ஆளுக்குக் கூலியும் சேர்த்து. சொந்தமாகக் கட்டுகிறவர்கள் மூட்டையில் எண்ணைப் பார்க்கும் முன் வகையைப் படியுங்கள்.