முதல் மாதத்தை மறந்த கணக்கு

இந்தியாவின் திறன்மிகு பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விசாக்களின் எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்த ஜெர்மனி முடிவெடுத்திருப்பதாக இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2024 அக்டோபரில் டெல்லியில் அறிவித்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, செப்டம்பர் 1 முதல், மாணவர் விசா கோருவோர் காட்ட வேண்டிய ஓராண்டுச் செலவுத்தொகையை ஜெர்மன் அரசு 11,208 யூரோவிலிருந்து 11,904 யூரோவாக உயர்த்தியிருந்தது. முதல் செய்தி கொண்டாடப்பட்டது. இரண்டாவது செய்தியின் வலி கல்விக்கடனுக்கு அலைந்துகொண்டிருந்த குடும்பங்களோடு நின்றுவிட்டது. ஆயினும் உயர்வைவிட, அந்தப் பணம் மாணவர் கைக்கு வந்துசேரும் முறையே பெரிய அநீதியாகும்.

மாணவர்கள் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்று குறிப்பிடும் முடக்கக் கணக்கில், அதாவது பணத்துக்கு உரியவரே மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தப்பட்ட கணக்கில், இத்தொகை விசாவுக்கு முன்பே செலுத்தப்பட்டு, ஜெர்மனி சென்ற பிறகு மாதம் 992 யூரோ வீதம் விடுவிக்கப்படுகிறது. இந்த 992 எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பிழையின் வேர் புலப்படும். உள்நாட்டு மாணவர்களுக்கு ஜெர்மன் அரசு வழங்கும் ‘பாஃபெக்’ என்னும் கல்வி உதவித்தொகையின் உச்ச அளவு அது: அடிப்படைச் செலவுக்கு 475, வாடகைக்கு 380, மருத்துவ, பராமரிப்புக் காப்பீடுகளுக்கு 137. வங்கிக் கணக்கும், தாய்மொழியும், வாடகை ஒப்பந்தத்தில் பிணை நிற்கப் பெற்றோரும் உள்ள ஒருவருக்காகப் போடப்பட்ட கணக்கு, இரண்டு பெட்டிகளோடு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குபவர்மீது ஓர் எண்கூட மாறாமல் சுமத்தப்பட்டிருக்கிறது.

அந்த 380 யூரோ வாடகை ஜெர்மானியருக்கே பொருந்தவில்லை. பல்கலைக்கழக நகரங்களில் பகிர்வு வீட்டின் ஓர் அறைக்குச் சராசரி வாடகை 493 யூரோ, மியூனிக்கில் 800 யூரோ என்று மோசஸ் மெண்டல்சோன் நிறுவனம் 2025இல் கணக்கிட்டது. வெப்பமூட்டும் செலவு முதலியவை நீங்கலான அடிப்படை வாடகையின் மூன்று மடங்கு வரை முன்பணம் கேட்க அந்நாட்டுச் சட்டம் வீட்டுக்காரருக்கு இடமளிக்கிறது. அடிப்படை வாடகை 400 யூரோ என்று குறைவாகவே கொண்டாலும், முன்பணம் 1,200, முதல் மாத வாடகை 493 என்று ஏறத்தாழ 1,700 யூரோ உடனே தேவைப்படும். கையில் வருவதோ 992. சுமார் 12 லட்சம் ரூபாய்க்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்க, அந்தப் பணத்தின் சொந்தக்காரர் முன்பணத்துக்கு நண்பர்களிடம் கைமாற்றுக் கேட்கிறார்.

அந்த 992கூட எளிதில் வருவதில்லை. வீடு புகுந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். ‘அன்மெல்டுங்’ எனப்படும் இப்பதிவுக்கு வீட்டுக்காரரின் பெயர், முகவரி, குடிபுகுந்த நாள் ஆகியவை அடங்கிய உறுதிப்படிவம் 2015 நவம்பர் முதல் கட்டாயம். தற்காலிக அறையை வாடகைக்கு விடுபவர்கள் பலர் அதைத் தர மறுக்கிறார்கள். பதிவுச் சான்று இல்லையேல் வங்கிகள் பல கணக்குத் தொடங்கத் தயங்குகின்றன. நடப்புக் கணக்கு இல்லையேல் மாதத் தவணை வந்துசேர இடமில்லை. தவணை வராமல் பதிவுக்கு உகந்த வீடும் அமையாது. எல்லாம் கூடிவந்தாலும், கதவெண்ணைக் கொண்டல்லாமல் பெயரைக் கொண்டே தபால் கொடுக்கப்படும் அந்நாட்டில், பெட்டியில் தம் பெயரை ஒட்டாதவரின் வங்கி அட்டையும் வரி எண்ணும் அனுப்பியவருக்கே திரும்பிவிடுகின்றன.

கனடாவின் ஏற்பாட்டை இங்கே விரிவாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. அந்நாடும் 2024 ஜனவரியில் மாணவர் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஒரே அடியில் இரட்டிப்பாக்கியது. வீட்டு வாடகையிலும் அது கருணை காட்டும் நாடன்று. எனினும் ‘ஜிஐசி’ எனப்படும் அதன் முதலீட்டுச் சான்றிதழ் முறையில், மாணவர் வந்திறங்கித் தம்மை வங்கியில் அடையாளம் காட்டியதும் ஒரு தொடக்கத் தொகை தனியாகத் தரப்பட்டு, எஞ்சியதே தவணைகளாகப் பிரிகிறது. முதல் மாதம் மற்ற மாதங்களைப் போன்றதன்று என்னும் உண்மையை அந்த விதி அறிந்திருக்கிறது. ஜெர்மன் விதிக்கு மட்டும் அது ஏன் தெரியாமல் போயிற்று?

முன்பணத்தை மூன்று தவணைகளில் கட்டச் சட்டத்தில் இடமுண்டு, அடிப்படை வங்கிக் கணக்கு 2016 முதல் சட்ட உரிமை என்றெல்லாம் சிலர் வாதிடுவர். அறைக்குப் போட்டியிடும் கூட்டத்தில் நின்றுகொண்டு சட்டப்பிரிவைச் சொல்பவருக்கு அறை கிடைக்காது என்பதை அறியாதவர்களின் வாதம் அது. கூடுதலாக வைப்புச் செய்துகொள்ளட்டும் என்போர், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் குடும்பங்களை அறவே அறியாதவர்கள். பதிவு தாமதமானால் 1,000 யூரோ வரையிலும், குடியேறாத ஒருவரின் பதிவுக்கு முகவரி அளிப்பவருக்கு 50,000 யூரோ வரையிலும் அபராதம் விதிக்கத் தெரிந்த அரசு, பொய் முகவரி தேடும் நிலைக்கு மாணவரைத் தள்ளுவது தன்னுடைய விதிகளே என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இது நிர்வாகக் கவனக்குறைவன்று. வந்தவர் படும் பாட்டை ஒரு பொருட்டாகவே கருதாத மனப்போக்கு.

இந்த முறை நீடிக்கும்வரை 90,000 என்பது வெறும் எண்ணே. முதல் மாதத்திலேயே கடனாளியாக்கப்பட்டவர் அந்நாட்டில் நிலைத்துத் தங்கித் தொழிலாற்றுவார் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. முதல் விடுவிப்பிலேயே மூன்று மாதத் தொகையான 2,976 யூரோவை வழங்குவதற்கும், தற்காலிகப் பதிவு முகவரியைப் பல்கலைக்கழகங்களே அளிப்பதற்கும் விதியில் சிறு திருத்தம் போதும். இரு நாடுகளும் 2022 டிசம்பரில் இடப்பெயர்வுக் கூட்டொப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. முடங்கிக் கிடப்பது இந்தியக் குடும்பங்களின் பணம் என்பதால், அவ்வொப்பந்தத்தின் கீழ் நடக்கும் அடுத்த பேச்சிலேயே இந்திய வெளியுறவு அமைச்சகம் இக்கோரிக்கையை முதலாவதாக எழுப்ப வேண்டும்.